இன்னும் ஒரு வருஷம் படிப்பதா, வேலைக்குப் போவதா: குரூப் 4 எழுதுபவர்கள் முன் உள்ள வழிகள்

சென்ற மாதம் என் சித்தி மகள் திண்டுக்கல்லுக்கு வந்திருந்தாள். இரவுச் சாப்பாடு முடிந்து நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, இன்னும் ஒரு வருஷம் படிக்கட்டுமா, இல்ல ஏதாவது வேலைக்குப் போயிடட்டுமா?" என்று கேட்டாள். அவளுக்கு வயது 26. கணிதத்தில் பட்டம் முடித்தவள். மூன்று ஆண்டுகளாக வேறெந்த வேலைக்கும் போகாமல் அரசுப் பணித் தேர்வுக்கே படித்துக்கொண்டிருப்பவள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வை 2024, 2025 ஆகிய இரண்டு முறையும் எழுதிவிட்டாள். இரண்டாவது முறை அவளுடைய பிரிவின் கட்-ஆஃபுக்கு, அதாவது இடம் கிடைக்கத் தேவையான கடைசி மதிப்பெண்ணுக்கு, ஒன்பது கேள்விகள் குறைந்துவிட்டன. அன்றிரவு என்னால் அவளுக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

இதே கேள்வியை நான் கேட்ட வயதில் எனக்குக் கிடைத்த பதில்கள் இரண்டுதான். "விட்டுடாதே, படிச்சுக்கிட்டே இரு" என்றார்கள் நூலகத்தில் என்னோடு தேர்வுக்குப் படித்தவர்கள். "படிச்சது போதும், கல்யாணத்தைப் பார்ப்போம்" என்றார்கள் வீட்டில். இரண்டுமே அன்பால் சொன்னவைதான், ஆனால் இரண்டிலும் கணக்கு இல்லை. 2018, 2019, 2022 ஆகிய மூன்று குரூப் 4 தேர்வுகளை எழுதித் தேறாமல், இப்போது ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்ப்பவள் என்ற முறையில், அன்று விட்டுப்போன அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்க்கிறேன். சித்தி மகள் முன் நான்கு வழிகள் இருக்கின்றன: முழு நேரமும் தேர்வுக்கே படிப்பது, வேலை பார்த்துக்கொண்டே படிப்பது, தேர்வை விட்டுவிட்டுத் தனியார் வேலையில் நிலைப்பது, சொந்தமாகத் தொழில் தொடங்குவது. ஒவ்வொன்றிடமும் நான் கேட்க விரும்பும் கேள்விகள் இரண்டு. நாளையைப் பற்றி அது தரும் நம்பிக்கை எந்த அளவுக்கு உறுதியானது? இன்றைய பொழுதை அது எதைக் கொண்டு நிறைக்கிறது? நூலகத்தில் இருந்தவரை நாங்கள் எல்லோரும் முதல் கேள்வியை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தோம்.

தேர்வின் நிலவரம்

குரூப் 4 தேர்வுக்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் முதலிய பதவிகளுக்கு ஒரே எழுத்துத் தேர்வு. 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். நேர்காணல் கிடையாது, தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதும் கிடையாது. பாதிக் கேள்விகள் தமிழிலிருந்து வரும், அதில் 40 விழுக்காடு எடுக்காதவருடைய மற்ற விடைகள் கணக்கில் வராது. படிக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கும் பள்ளிப் பாடநூல்களே. பணமோ சிபாரிசோ ஆங்கிலமோ இல்லாத வீட்டுப் பிள்ளையும் பழைய பாடநூல்களை வைத்துக்கொண்டு இளநிலை உதவியாளர் நாற்காலியில் போய் உட்கார முடியும் என்பது சாதாரண விஷயமன்று. இந்தத் தேர்வைக் குறைத்துப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

கூட்டம் கூடுவதும் அதனால்தான். 2022ஆம் ஆண்டு அறிவிப்பில் 7,301 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 22 லட்சம். 2024இல் 6,244 இடங்களுக்கு 20 லட்சம் பேர். 2025இல் 3,935 இடங்களுக்கு 13 லட்சத்து 89 ஆயிரம் பேர், அதாவது ஓர் இடத்துக்கு 353 பேர். அறிவிப்புக்குப் பின் காலியிடங்களைக் கூட்டுவது வழக்கமாகையால் இந்த விகிதம் கொஞ்சம் குறையும். விண்ணப்பித்தவர்களில் சில லட்சம் பேர் தேர்வு அறைக்கே வருவதில்லை, வருபவர்களிலும் பலர் படித்துவிட்டு வருவதில்லை. ஆகவே 353இல் ஒருவர் என்று பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டிய இடம் வேறு. ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். கட்-ஆஃபை ஒட்டிய பகுதியில் அந்த ஒன்றரை மதிப்பெண்ணுக்குள் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எனவே நன்றாகப் படித்த ஒருவருக்குக்கூட, அன்று கேட்கப்பட்ட நாலைந்து கேள்விகள் அவர் கண்ணில் பட்ட பக்கத்திலிருந்து வந்தனவா இல்லையா என்பதே முடிவைத் தீர்மானித்துவிடுகிறது.

காலமும் நம் கையில் இல்லை. 2019 செப்டம்பர் 1 அன்று குரூப் 4 எழுதிய நாங்கள், அடுத்ததை எழுதியது 2022 ஜூலை 24 அன்று. இடையில் 2020 ஜனவரியில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் நடந்த முறைகேடு வெளியாகி 99 பேருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. அதன்பின் கொரோனா வந்தது. 2022இல் எழுதிய தேர்வுக்கு முடிவு 2023 மார்ச் 24 அன்றுதான், எட்டு மாதம் கழித்து, வந்தது. நியாயமாகச் சொன்னால் நிலைமை இப்போது மாறியிருக்கிறது: 2024லும் 2025லும் அடுத்தடுத்த ஆண்டுகளில் தேர்வு நடந்தது, முடிவுகளும் ஐந்து மாதத்துக்குள் வந்தன. எங்கள் காலத்து அனுபவத்தை மட்டும் வைத்து இன்றைய பிள்ளைகளைப் பயமுறுத்துவது முறையாகாது. ஆனால் 2019க்கும் 2022க்கும் நடுவில் நடந்தது இனி நடக்கவே நடக்காது என்று எழுதிக்கொடுப்பாரும் இல்லை.

அதிகம் பேசப்படாத இன்னொன்று வயது வரம்பு. மத்தியக் குடிமைப் பணித் தேர்வில் பொதுப் பிரிவினருக்கு 32 வயதும் ஆறு முயற்சிகளும்தான். அதற்குமேல் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். குரூப் 4இல் இளநிலை உதவியாளர் போன்ற பல பதவிகளுக்கு, பட்டம் பெற்ற பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியலினப் பிரிவினருக்கு உச்ச வயது வரம்பே இல்லை. பிந்திப் படித்தவர்களுக்கும், பிள்ளை பெற்றுவிட்டுத் திரும்பிப் படிக்க வரும் பெண்களுக்கும் இது பெரிய வரம். அதே சலுகைதான், எப்போது நிறுத்துவது என்ற முடிவை முழுக்க முழுக்க நம் தலையில் கட்டிவிடுகிறது. தேர்வாணையம் யாரையும் "போதும், எழுந்திரு" என்று சொல்லப் போவதில்லை.

முழு நேரப் படிப்பு

நான் இரண்டரை ஆண்டுகள் முழு நேரமாகப் படித்தேன். மாவட்ட மைய நூலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். உள்ளே போனதும் மின்விசிறிக்குக் கீழே இருக்கும் நாற்காலிகளில் தண்ணீர் பாட்டில் வைத்து இடம் பிடிப்போம். அட்டை கிழிந்து பழுப்புக் காகிதம் போட்ட ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தை, அதை முதன்முதலில் படித்த வயதைப் போல இரு மடங்கு வயதானவர்கள் பென்சிலால் கோடிட்டுப் படித்துக்கொண்டிருப்போம். கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும், மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் போனவர்கள் இதே முகங்களை அங்கேயும் பார்த்திருப்பார்கள்.

இந்த வழியில் நம்பிக்கைக்குக் குறைவே இல்லை. அறிவிப்பு வந்தால் நம்பிக்கை, ஹால் டிக்கெட் வந்தால் நம்பிக்கை, ஆன்சர் கீ வந்து இரண்டு விடைகள் நமக்குச் சாதகமாக மாறினால் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை. முடிவு வந்து பெயர் இல்லையென்றால்கூட, "இந்தத் தடவை இத்தனை கேள்விதான் குறைஞ்சுது" என்று அடுத்த நாளே அது துளிர்த்துவிடும். கூட இருப்பவர்களும் அதே நிலையில் இருப்பதால் அது வாடுவதேயில்லை. என் பக்கத்து நாற்காலிக்காரர் ஒருவர், எங்களில் மூத்தவர், தேநீர்க் கடையில் கட்-ஆஃப் கணிப்பு சொல்வதில் கெட்டிக்காரர். அவருடைய கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவருடைய மதிப்பெண் ஒவ்வொரு முறையும் அதற்குச் சற்றுக் கீழே இருக்கும்.

எனக்குப் புரியாமல் இருந்தது, இன்றைய பொழுதை எது நிறைக்கிறது என்ற அந்த இரண்டாவது கேள்வி. மாலை ஏழரை மணிக்கு நூலகத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது, பன்னிரண்டு மணி நேரம் உழைத்திருப்பேன், ஆனால் அந்த உழைப்பால் அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. தையல் தைத்தவர் ஒரு ரவிக்கையையாவது முடித்திருப்பார். நான் பல்லவ மன்னர்களின் வரிசையை ஆறாவது தடவையாக ரிவிஷன் செய்திருப்பேன். தேறினால்தான் அந்த உழைப்புக்குப் பொருள், தேறாவிட்டால் அது இல்லாததற்குச் சமம் என்ற நிலையில் ஒருவர் ஓராண்டு இருக்கலாம், இரண்டாண்டு இருக்கலாம். அதற்குமேல் போனால் படிப்பு நடக்கும், ஆனால் படிக்கிறவர் மெல்ல மெல்ல உறவினர் வீட்டு விசேஷங்களைத் தவிர்க்கத் தொடங்குவார். நான் தவிர்த்தேன். "என்னம்மா பண்றே இப்போ?" என்ற கேள்விக்குப் பயந்து என் சொந்த மாமா மகள் வளைகாப்புக்குப் போகவில்லை.

பணக் கணக்கும் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தே படித்தால் புத்தகம், டெஸ்ட் பேட்ச் எனும் மாதிரித் தேர்வுகள், பேருந்துச் செலவு என்று ஆண்டுக்குச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்புகளும் உண்டு. பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாதது: மாதம் 15,000 ரூபாய் சம்பளம் கிடைக்கக்கூடிய ஒருவர் மூன்றாண்டு வீட்டில் இருந்தால் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் வராமல் போகிறது. தேறியவர்களுக்கு இது ஒரு பொருட்டே அன்று. இளநிலை உதவியாளரின் ஊதிய நிலை 19,500 ரூபாயில் தொடங்கி 71,900 வரை போகிறது; அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் தனி. பெண்களுக்கு ஓராண்டு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. தனியாரில் சட்டப்படி கிடைப்பது 26 வாரம், அதையும் எத்தனை இடங்களில் முணுமுணுக்காமல் தருகிறார்கள் என்பது வேறு கதை. ஆனால் 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் பொருந்தாது என்பதை, "கவர்மெண்ட் வேலைன்னா அதே பழைய பென்ஷன்தான்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இதையெல்லாம் தாண்டி, பெண் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பு வேறொன்றையும் தருகிறது. வரன் பார்க்க வருபவர்களிடம் "பொண்ணு எக்ஸாமுக்குப் படிச்சிட்டிருக்கா" என்று என் அம்மா சொன்னபோதெல்லாம் எனக்கு ஓராண்டு அவகாசம் கிடைத்தது. சிறு ஊர்களில் பல பெண்கள் தேர்வுக்காகப் படிப்பது போலவே, திருமணத்தைத் தள்ளிப்போடுவதற்காகவும் படிக்கிறார்கள். இதை நாங்கள் ஒருவரோடொருவர் வெளிப்படையாகப் பேசிக்கொண்டதில்லை; எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஒரு பெண்ணிடம் போய் "மூணு வருஷம் ஆச்சு, விட்டுடு" என்று சொல்வதற்கு முன், விட்டபின் அவளுக்கு வீட்டில் என்ன காத்திருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் இந்த வழி யாருக்குப் பொருந்தும்? பட்டம் முடித்து முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் இருப்பவருக்கு, வீட்டில் இன்னொரு வருமானம் இருப்பவருக்கு, கடைசியாக எழுதிய உண்மையான தேர்வில் நாலைந்து கேள்விகளில் தவறியவருக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. மாதிரித் தேர்வு மதிப்பெண்ணை இதற்கு அளவாகக் கொள்ளக் கூடாது. டெஸ்ட் பேட்சில் 180 கேள்விகள் சரியாகப் போட்டவர்கள் தேர்வறையில் 155இல் நின்றதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வேலையும் படிப்பும்

2021 மார்ச்சில் நான் இப்போதிருக்கும் அலுவலகத்தில் சேர்ந்தபோது, தேர்வைக் கைவிட்டுவிட்டதாகவே எல்லோரும் நினைத்தார்கள். நானும் பாதி அப்படித்தான் நினைத்தேன். காலை நாலரையிலிருந்து ஏழு மணி வரை தமிழ், இரவு ஒரு மணி நேரம் கணக்கு, ஞாயிற்றுக்கிழமை ஒரு மாதிரித் தேர்வு என்று வைத்துக்கொண்டேன். 2019இல் முழு நேரமும் படித்து எழுதியபோது கட்-ஆஃபுக்குப் பதினொரு கேள்விகள் குறைந்தன. 2022இல் வேலை பார்த்துக்கொண்டு எழுதியபோது நான்குதான் குறைந்தன. வேலை பார்த்தால் மதிப்பெண் கூடும் என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்ட வேண்டாம், முந்தைய ஆண்டுகளில் படித்ததும் உள்ளே இருந்தது. ஆனால் மதிப்பெண் சரிந்துவிடும் என்று நான் பயந்தது நடக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

மாறியது வேறு. சேர்ந்து ஆறேழு மாதம் இருக்கும். பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர் மஞ்சள் பை நிறையப் பில்களோடு அலுவலகத்துக்கு வந்தார். ஏழெட்டு மாதமாக ஜிஎஸ்டி தாக்கல் செய்யாததால் அவருடைய பதிவு ரத்தாகியிருந்தது. சரக்கு வாங்குபவர்கள் பதிவு இல்லாமல் வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மாதாந்தரப் படிவத்தை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் போட வேண்டும், தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும் என்பதே அவருக்கு யாரும் விளங்கச் சொல்லியிருக்கவில்லை. அச்சு மங்கிப்போன பில்களை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தேதிவாரியாக அடுக்கி, இரண்டு மாலைப் பொழுதுகளில் எல்லாப் படிவங்களையும் போட்டு, ரத்தை நீக்கக் கோரி விண்ணப்பித்தோம். பதிவு திரும்பக் கிடைத்த அன்று அவர் வந்து, தன் பட்டறையில் செய்த சின்ன மாங்காய்ப் பூட்டு ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். சாவி இரண்டு சுற்று சுற்றினால்தான் திறக்கும். அன்று மாலை வீட்டுக்கு நடந்து வந்தபோதுதான், இரண்டரை ஆண்டுகளாக எனக்கு இல்லாமல் இருந்தது எது என்று தெரிந்தது.

இந்த வழியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. உடம்பு அசந்துபோகும், மாதத்தில் 11ஆம் தேதியிலிருந்து 20ஆம் தேதி வரை எனக்குப் படிப்பே ஓடாது. என் அலுவலகத்தில் என்னையும் சேர்த்து ஏழு பேர்தான். பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் இஎஸ்ஐயும் இல்லை, இருபது பேருக்குக் குறைவான இடத்தில் பிஎஃப் கட்டாயமும் இல்லை. படிப்பதற்கு இடம் தரும் வேலைகளில் பாதிக்கு இந்தக் கதைதான். எல்லா வேலையும் இதற்கு ஒத்துவராது என்பதும் முக்கியம். டார்கெட் வைத்து விரட்டும் விற்பனை வேலை, ஷிப்ட் மாறும் நூற்பாலை வேலை ஆகியவற்றில் இருந்துகொண்டு படித்தவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். உணவு டெலிவரி வேலை நேரத்தை நம் கையில் தருவதால் பையன்கள் பலர் அதற்குப் போகிறார்கள். ஆனால் இரவு பதினொரு மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு வருபவர் காலை நாலரைக்கு எழுந்து படிப்பது பேச்சுக்குத்தான் சரி. அரசு அலுவலகத்திலேயே அவுட்சோர்சிங் முறையில் தொகுப்பூதியத்துக்குச் சேர்வதும் ஒரு வலை. உள்ளே இருந்தால் ஒருநாள் நிரந்தரம் ஆகிவிடும் என்ற நினைப்பில் ஆண்டுகள் போகும். சம்பளம் தனியாருக்கும் கீழே, நம்பிக்கை மட்டும் தேர்வு எழுதுபவருக்கும் மேலே.

தேர்வை விட்டுவிட்டால்

தனியார் வேலையில் நிலைப்பதென்றால், நிலைப்பது என்ற சொல்லையே கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் ஆர்டர்கள் நின்றன. அங்கே ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் தீபாவளிக்குப் போனஸ் வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் சேவை நிறுவனம் தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. "தனியார்னா எப்ப வேணும்னாலும் தூக்கிடுவான்" என்ற பயம் வெறும் பயமன்று. ஆனால் அந்தப் பயத்தோடு தேர்வின் நிச்சயமின்மையை ஒப்பிட வேண்டும் என்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆர்டர் நின்று வேலை போன மெர்ச்சண்டைசருக்கு, துணியின் விலையைக் கணக்கிடத் தெரியும், வாங்குபவரிடம் பேசத் தெரியும், சம்பளச் சீட்டு இருக்கிறது. தேர்வு தள்ளிப்போன மாணவருக்கு அந்த ஆண்டில் கையில் ஒன்றும் சேர்வதில்லை.

சம்பளத்தை மட்டும் கேட்காமல், பிஎஃப் பிடிக்கிறார்களா என்று கேட்டுச் சேர்வது நல்லது. அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் நம் பங்கு 1,800, நிறுவனத்தின் பங்கு 1,800. நிறுவனப் பங்கில் 1,250 ஓய்வூதியக் கணக்குக்குப் போகும், பத்தாண்டு பணிக்காலம் சேர்ந்தால் சிறு ஓய்வூதியம் உண்டு. வேலை மாறும்போது அந்தப் பணத்தை அவசரப்பட்டு எடுத்துவிடாமல் புதிய கணக்குக்கு மாற்றிக்கொண்டே போனவர்கள்தான் நாற்பது வயதில் ஒரு தொகையைப் பார்த்திருக்கிறார்கள். வேலையில் நிறைவு கிடைக்குமா என்பது, என் கண்ணுக்குப் பட்ட வரையில், நிறுவனத்தைவிட மேலே இருக்கும் மேலாளரைப் பொறுத்தது. அதை முன்கூட்டியே அறிய வழி இல்லை. ஆறு மாதம் இருந்து பார்த்துவிட்டு மாறுவதில் தவறும் இல்லை.

சொந்தத் தொழிலைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் குறைவு. வாடிக்கையாளர்களின் கணக்குப் புத்தகத்தின் வழியாக மட்டுமே தெரியும். எங்களோடு நூலகத்தில் படித்த ஒருவர் அதே நூலகத்துக்கு எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ் கடையும் இணையச் சேவையும் தொடங்கினார். இன்று தேர்வு விண்ணப்பங்களை நிரப்பித் தருவதுதான் அவருக்கு முக்கிய வருமானம். அறிவிப்பு வந்தால் அவருக்குத் தீபாவளி. போட்டோ அளவு தவறு, சான்றிதழில் பெயர் மாற்றம், தமிழ்வழிச் சான்று இல்லாமை என்று எங்கெங்கே விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்பது அவருக்கு மனப்பாடம், நாலு தேர்வு எழுதித் தேறாதவர் அல்லவா. மத்திய அரசின் பிஎம்இஜிபி எனும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரையும் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையும் திட்ட மதிப்புக் காட்டிக் கடன் பெறலாம். இடத்தையும் பிரிவையும் பொறுத்து 15 முதல் 35 விழுக்காடு வரை மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த மானியம் கையில் வராது, மூன்றாண்டுகள் வங்கியிலேயே வைப்பாக இருந்து பின்னரே கடனில் கழியும் என்பதை அறியாமல் மானியத்தை நம்பிச் சரக்கு வாங்கியவர்களின் கணக்கை நான் எழுதியிருக்கிறேன். ஒரு தொழிலை அருகிலிருந்து இரண்டாண்டாவது பார்க்காத ஒருவருக்கு, தேர்வில் தோற்ற வேகத்தில் இதைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

வெளிநாட்டு வேலையை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அது வீட்டைவிட்டுப் போவது பற்றிய முடிவு. தனியாகத்தான் பேச வேண்டும்.

என் தங்கைக்குச் சொன்னது

நான்கையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, எந்த வழியிலும் நாளை என்பது உறுதியில்லை. முதல் வழியில் நம்பிக்கை ஏராளம், அன்றாட நிறைவு மிகக் குறைவு. மூன்றாவதில் நிறைவு வேலையிடத்தைப் பொறுத்தது, நம்பிக்கையை நாமாகத்தான் தேடிக்கொள்ள வேண்டும். நான்காவது, தெரிந்தவருக்கு இரண்டையும் தரும், தெரியாதவரிடமிருந்து இரண்டையும் பறிக்கும். இரண்டாவது வழியில் இரண்டும் அரைகுறையாகத்தான் கிடைக்கின்றன, ஆனால் ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று கையில் இருக்கிறது. ஒன்பது கேள்விகள் குறைந்த, 26 வயதான, தம்பி இன்னும் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். நாலு கேள்வி குறைந்திருந்தால் இன்னும் ஓராண்டு படி என்றிருப்பேன்.

எல்லையையும் சேர்த்தே சொன்னேன். ஆண்டுகளைக் கொண்டு எல்லை வைக்க வேண்டாம், தேர்வு தள்ளிப்போனால் எல்லையும் தள்ளிப்போகும். எத்தனை தேர்வு என்று வைத்துக்கொள், இன்னும் இரண்டு எழுது என்றேன். வேலைக்குப் போனால் சித்தியும் சித்தப்பாவும் உடனே வரன் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள் என்று அவள் தயங்கினாள். அந்தத் தயக்கம் நியாயமானது. என் அனுபவத்தில், படித்துக்கொண்டிருக்கும் பெண் "வேண்டாம்" என்றால் அது அடம், சம்பாதிக்கும் பெண் "இப்போ வேண்டாம்" என்றால் அது கருத்து; என் அம்மாவே அப்படித்தான் மாறினார். சித்தி வீட்டிலும் அப்படியே நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. சித்தியிடம் நான் பேசுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

முந்தாநாள் அவள் தொலைபேசியில் அழைத்தாள். அவளுடைய ஊரில் ஒரு வாகன உதிரிபாகக் கடையில் பில்லிங் வேலைக்கு ஆள் கேட்கிறார்களாம், மாதம் 13,000. டேலி என்ற கணக்கு மென்பொருள் தெரிந்தால் கூடுதலாக 2,000 தருவார்களாம். டேலியை நான் பதினைந்து நாளில் கற்றுத்தருகிறேன் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை லீவான்னு கேட்கவே மறந்துட்டேன்க்கா, டெஸ்ட் பேட்ச் அன்னிக்குத்தான்" என்றாள். நாளைக்குப் போய்க் கேட்டுவிட்டுச் சொல்வதாக வைத்துவிட்டாள்.